மண்ணைக் கற்ற பின்னரே பாடம்

ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் உற்றுநோக்கிச் சிந்திக்குமாறு திருமறையின் அல்ஃகாஷியா அத்தியாயம் நம்மை அழைக்கிறது. நம் பிள்ளைகளின் கல்வியோ நான்கு சுவர்களுக்குள் முடங்கிக் கிடக்கிறது. இந்நிலையை மாற்ற முயன்ற முஸ்லிம் அறிஞர் ஒருவரை நாம் மறந்துவிடலாகாது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதன் தீர்மானங்களைப் பாடத்திட்டமாக வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை அப்போது வழிநடத்தியவரும், பின்னர் 1967இல் குடியரசுத் தலைவரானவரும் அவரே. கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல் ஆகிய மூன்றோடும் பாடங்கள் பிணைந்திருக்க வேண்டும் என்றது அக்குழு. தமிழகத்தில் இது 'ஆதாரக் கல்வி' எனப் பெயர் பெற்றது.

நூலை ஒப்புவிக்க மட்டுமே அறிந்தவரால் இத்தகைய கல்வியைத் தர இயலாது. ஊரின் மண்ணையும் நீரையும் தொழிலையும் ஆசிரியரே முதலில் கற்றாக வேண்டும். அதற்கெனவே 1938இல் ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சிக் கூடம் தோன்றியது. எனினும், காலப்போக்கில் ஆதாரப் பள்ளிகள் பெயரளவில் நின்றன. மண்வெட்டி பிடிப்பது தாழ்வு, மேசைப் பணியே உயர்வு எனப் பெற்றோர் கருதியதும் அதற்கொரு காரணமாகும்.

அவ்வெண்ணத்தின் சாயலை இன்று தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் காண்கிறோம். மழை குறைந்த அப்பகுதியிலிருந்து பலர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்கின்றனர். 1992இல் அங்குக் குடியேறிய மீனாட்சி, உமேஷ் தம்பதியர் வறண்ட நிலத்தைப் பண்படுத்தினர். அங்கே 2000ஆம் ஆண்டில் மீனாட்சி 'புவிதம்' கற்றல் மையத்தைத் தொடங்கினார். புலம்பெயர்ந்து உழைப்போரின் பிள்ளைகளும் அங்குத் தங்கிப் பயில்கின்றனர். சூரியன், மண், நீர், காற்று என இயற்கையை ஒட்டியே பாடங்கள் அமைகின்றன. வயலில் வேலை செய்வதும் அவர்களுக்குக் கல்வியே. உள்ளூர்ப் பெண்களும் அங்கு ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றுள்ளனர். அவர்கள் அந்த மண்ணை முன்பே அறிந்தவர்கள். கற்பிக்கும் முறையை அங்குக் கற்றுக்கொண்டார்கள்.

நம் மக்தப் மத்ரஸாக்களின் நிலை என்ன? உளூவின் சட்டங்களைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் ஊர்க் கிணறு ஏன் வற்றுகிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. உஸ்தாத் ஒரு நாள் அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றால், நீரை வீணாக்காதீர் என்னும் நபிவழி அவர்கள் உள்ளத்தில் ஆழப் பதியும். அவ்வாறு அழைத்துச் செல்லும் உஸ்தாதிடம், "பாடம் நடத்தாமல் ஊர் சுற்றுகிறீர்களா?" என்று நாம் கேளாதிருப்போமாக. அன்று ஆதாரக் கல்வி நலிந்ததில் பெற்றோரின் அந்தக் கேள்விக்கும் பங்குண்டு.