லத்ரூன் சந்தி

யாப்பாவிலிருந்து யெருசலேமுக்கு ஏறும் பாதை, சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில் ரமல்லாவுக்குச் செல்லும் பாதையோடு சேர்கிறது. அவ்விடமே லத்ரூன். 1890இல் துறவிகள் அங்கே மடம் அமைத்துத் திராட்சை பயிரிட்டனர். பின்வந்த பிரித்தானியரோ கொங்கிறீட்டிற் பொலிஸ் கோட்டை எழுப்பினர். 1936இல் கிளர்ந்தெழுந்த பாலஸ்தீனக் குடியானவரை அடக்கிவைக்க அவர்கள் நாடெங்கும் கட்டிய கோட்டைகளுள் அதுவும் ஒன்று.

எசமானர் போன பின்னும் கோட்டை நின்றது. 1948 மே மாதம் யோர்தானின் அரபுப் படையணி அதிற் புகுந்தது. யெருசலேமின் யூதப் பகுதிகள் உணவின்றித் தவித்தன. இஸ்ரேலியப் படை மே 25 முதல் யூலை வரை மீண்டும் மீண்டும் தாக்கியும் தோற்றது. நாஜிகளின் கொலைக்களத்துக்குத் தப்பிக் கப்பலில் வந்திறங்கியோர் சிலரையும் போதிய பயிற்சியின்றி அங்கே அனுப்பினர்; அவர்களுள் அவ்வயல்களிலேயே மாண்டோர் உளர். என்ன கொடுமை! ஈற்றில், தெற்கே குன்றுகளூடாக ‘பர்மாப் பாதை’ வெட்டிச் சந்தியைச் சுற்றிச் சென்றனர்.

1967 யூனில் பெரும் சமரின்றியே சந்தி இஸ்ரேலின் கைக்கு வந்தது. விலை கொடுத்தவர் கிராமத்தவரே. இம்வாஸ், யாலு, பெய்ட் நூபா ஆகிய மூன்று ஊர்களின் மக்களும் துரத்தப்பட்டு ரமல்லாத் திசையில் நடந்தனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் கனடாவில் திரட்டிய நன்கொடையால் இம்வாஸ், யாலு நிலங்களிற் பூங்கா எழுந்தது. பொலிஸ் கோட்டை இன்று இஸ்ரேலியக் கவசப் படையின் நினைவுக்கூடம். விடுமுறைக்கு வருவோர் உண்டு இளைப்பாறும் அப்பூங்காவின் மரங்களிடையே, ஊரவரின் கல்லறைகள் இன்னும் கிடக்கின்றன.