கோடு போட்ட கடல் – 7: திருவிழாவுக்குப் போகும் விசைப்படகு

தவக்காலத்தில் ஒரு விடியற்காலை. ராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்றைக்கு வலை ஏறவில்லை. கைக்குழந்தையும் பாட்டியும் ஏறுகிறார்கள். பாய், தண்ணீர்க் கேன், கட்டுச்சோறு ஏறுகின்றன. சுங்கத்துறையினரும் போலீஸாரும் பைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை. குடும்பம் குடும்பமாக வெளிநாட்டுக்குக் கிளம்புகிற இந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் விசா கிடையாது.

போகிற இடம் கச்சத்தீவு. பரப்பு 285 ஏக்கர். அகலம் சுமார் 300 மீட்டர்தான். ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் கேட்டுவிடும். ஊர் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. இருப்பது அந்தோணியார் கோயில். ராமநாதபுரம் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் 1905 வாக்கில் அதைக் கட்டினார் என்பது கடற்கரை ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது தீவு சேதுபதிகளின் ஜமீனுக்குள் இருந்தது. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய இரு கரை மீனவர்களுக்கும் அந்த அந்தோணியார் பொதுச்சொத்து.

கோடு அதற்குப் பிறகு வந்தது. 1921இல் சென்னை மாகாண அரசும் இலங்கை அரசும் மீன்பிடி எல்லையைப் பற்றிப் பேசின, முடிவு ஏற்படவில்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பாக் நீரிணையில் கோட்டை இழுத்தது. தீவுக்கு மேற்கே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைலில் கோடு விழ, தீவு இலங்கையின் பக்கம் போனது. முதல்வர் கருணாநிதி எதிர்த்தார். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. டெல்லி அசையவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். இந்திய மீனவர்களும் பக்தர்களும் இதுநாள்வரை போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம்; அவர்களிடம் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. பாட்டி கையை வீசிக்கொண்டு படகேறுவது இந்தப் பிரிவின் தயவில்தான். கையை வீசிக்கொண்டு என்பதுகூடக் கொஞ்சம் மிகை. வேர்க்கோடு தேவாலயத்தில் விண்ணப்பம், அடையாள அட்டை நகல், போலீஸ் விசாரணை என்று நம் கரையிலேயே ஏகப்பட்ட சடங்குகள் உண்டு.

மீன்பிடி உரிமைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1976 மார்ச்சில், நெருக்கடி நிலைக் காலத்தில், தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்ட சில வாரங்களில், இரு நாடுகளும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றானது. இதன் விளைவைத் திருவிழா நாளில் கண்ணாலேயே பார்க்கலாம். அதே படகு, அதே ஓட்டுநர். வலையோடு கோட்டைத் தாண்டினால் கைது. குடும்பத்தோடு வந்தால் கோடுவரை இந்தியக் காவல் கப்பல்கள் கூடவே வரும். அதன்பின் இலங்கைக் கடற்படை வரவேற்று அழைத்துப்போகும்.

மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. குறிகட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சனமும் வந்து சேர்ந்துவிடும். தமிழிலும் சிங்களத்திலும் பூசை. இரவு மணலில் பாய் விரித்துப் படுக்கை. முன்பெல்லாம் இங்கே சிறு சந்தையே நடக்கும். லுங்கியும் சேலையும் அந்தப் பக்கம் போக, சோப்பும் தேங்காய் எண்ணெயும் இந்தப் பக்கம் வரும். பதுவை அந்தோணியாரின் திருநாள் ஜூன் 13. தீவில் மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் கொண்டாடுகிறார்கள். ஜூன் காற்றில் குழந்தை குட்டிகளோடு இந்தக் கடலைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் இந்தப் பயணத்தைப் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. 2009இல் போர் முடிந்த பிறகே ஆயிரக்கணக்கில் கூட்டம் திரும்பியது. 2016இல் இலங்கைக் கடற்படை பழைய கோயிலுக்குப் பக்கத்தில் புதிய கோயிலைக் கட்டிக் கொடுத்தது.

இருந்தும் கடலில் நடப்பது கோயிலுக்குள் வராமல் இல்லை. 2017 மார்ச்சில், திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன், தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ராமேசுவரத்திலிருந்து படகு போகவில்லை. 2024இல், மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்துப் படகுக்காரர்கள் பக்தர்களை ஏற்ற மறுத்தார்கள். இந்தியப் பக்தர்கள் இல்லாமலே தேர் சுற்றி வந்தது. 2025 மார்ச்சில் படகுகள் மறுபடி புறப்பட்டன.

(அடுத்த வாரம்: தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல்)