போருக்கு நிகரான ஒரு வேலை
அட்லாண்டிக் கல்லூரி பிறந்த கதை

1962 செப்டம்பரில் வேல்ஸின் தென்கரையில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பழைய கோட்டைக்குள் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. சேர்ந்தவர்கள் எல்லாம் பதின்ம வயதுப் பையன்கள். இரண்டாம் உலகப் போரில் ஒருவர் ஊர்மேல் ஒருவர் குண்டு போட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அணு ஆயுதப் போர் இன்று மூளுமா நாளை மூளுமா என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கல்லூரியின் முதல் வகுப்புகள் நடந்தன.

இப்படி ஒரு கல்லூரி வேண்டும் என்று முதலில் நினைத்தவர் குர்ட் ஹான். கல்லூரி திறந்தபோது அவருக்கு வயது 76. கோட்டையும் பணமும் கிடைக்கச் சில வருடங்கள்தான் பிடித்தன. ஆனால் அந்த எண்ணம் பழுக்க ஹானின் வாழ்நாளில் பெரும்பகுதி பிடித்தது. அதனால் இந்தக் கதையைப் பெர்லினிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1886இல் பெர்லினில், வசதியான யூதத் தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தவர் ஹான். பதினெட்டு வயதில் கடுமையான வெயில் தாக்கி, நெடுநாள் இருட்டறையில் கிடந்தார். அதன் பிறகு ஆயுள் முழுக்க வெயிலுக்கு அஞ்சி, அகல விளிம்புத் தொப்பியோடுதான் வெளியே போவார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்ததால் இங்கிலாந்தும் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகியிருந்தது. 1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஜெர்மனி திரும்பினார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதால், பிரிட்டிஷ் பத்திரிகைகளைப் படித்து அந்நாட்டு மக்களின் மனநிலை என்ன என்று அரசுக்கு எழுதித் தரும் வேலை கிடைத்தது. எதிரி நாட்டுப் பத்திரிகைகளை நாள் தவறாமல் படித்தவருக்கு ஒன்று தெளிவாயிற்று: அங்கேயும் போரை நிறுத்தத் துடிக்கிறவர்கள் இருந்தார்கள். பேச்சுவார்த்தை நடத்திச் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று வாதாடிய சிறு கூட்டத்தில் ஹானும் ஒருவர். அந்தக் குரல் எடுபடவில்லை. 1918இல், பேரரசின் கடைசிப் பிரதமர்களில் ஒருவராகச் சில வாரங்கள் இருந்த பாடன் இளவரசர் மாக்ஸின் அந்தரங்கச் செயலாளராகப் பக்கத்தில் நின்று, தம் நாடு தோற்று விழுவதைப் பார்த்தார்.

அந்தத் தோல்வியிலிருந்துதான் ஹானின் பள்ளிகள் முளைத்தன. நாட்டை வழிநடத்தியவர்களுக்கு அறிவுக்குக் குறைவில்லை, சரியென்று பட்டதை உரக்கச் சொல்லும் துணிவுதான் இல்லை என்று இளவரசரும் ஹானும் கருதினார்கள். 1920இல் கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில், முன்பு சிஸ்டர்சியத் துறவிகளின் மடமாக இருந்த இளவரசரின் மாளிகையில் சாலெம் பள்ளியைத் தொடங்கினார்கள். படிப்போடு உடற்பயிற்சி, கைத்தொழில், சமூகப் பொறுப்பு எல்லாம் சேர்ந்த பள்ளி அது.

அங்கே பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தாமே செய்து காட்ட வேண்டிய நாள் 1932இல் வந்தது. அந்த ஆகஸ்டில் பொட்டெம்பா என்ற கிராமத்தில் நாஜிப் படையினர் ஒரு தொழிலாளியை அவனுடைய தாயின் கண்ணெதிரே மிதித்துக் கொன்றார்கள். குற்றவாளிகளில் ஐந்து பேருக்குக் கோர்ட்டு மரண தண்டனை விதித்தபோது, அவர்களோடு தோளோடு தோள் நிற்பதாக ஹிட்லர் தந்தி அடித்தார். ஹான் சாலெமின் பழைய மாணவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நாஜிப் படைகளில் சேர்ந்திருப்பவர்கள் ஹிட்லரோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாலெமோடு முறித்துக்கொள்ள வேண்டும், இரண்டில் ஒன்று என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் ஒரு யூதத் தலைமையாசிரியர். ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க இன்னும் சில மாதங்களே இருந்தன. அதன் விலை என்ன என்று தெரிந்தேதான் எழுதினார். 1933 மார்ச்சில் கைதானார். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் குரல் கொடுத்தார்கள், பிரதமர் ராம்சே மக்டொனால்டே தலையிட்டார். விடுதலையான ஹான் அந்த ஆண்டு ஜூலையில் நாட்டை விட்டு வெளியேறினார்.

நாற்பத்தேழு வயதில், வேறொரு நாட்டில், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். 1934இல் ஸ்காட்லாந்தின் வடகரையில் கார்டன்ஸ்டன் பள்ளி பிறந்தது. பின்னாளில் இளவரசர் பிலிப் ஆன கிரேக்கச் சிறுவன் அதன் முதல் மாணவர்களில் ஒருவன். புயல் வீசும் இரவுகளில் பள்ளி மாணவர்கள் கடலோரக் காவலுக்கு நின்றார்கள். ஆபத்தில் சிக்கிய கப்பல் ஏதும் தெரிகிறதா என்று முறைவைத்துக் கண்காணித்தார்கள். இரக்கத்தைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால் கொட்டாவி விடும் பையன், யாரோ முகம் தெரியாத ஒருவரின் உயிர் தன் கண்ணை நம்பி இருக்கிறது என்றால் விடிய விடிய விழித்திருக்கிறான். ஹான் தம் கல்விமுறை முழுவதையும் இதன்மேல்தான் கட்டினார். 1941இல் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டோடு சேர்ந்து வேல்ஸின் அபெர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பயிற்சியைத் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான்.

அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1910இல் எழுதிய கட்டுரை ஒன்று ஹானின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. போர் கொடியதுதான், ஆனாலும் வீரம், பொறுமை, தன்னை மறந்து பிறருக்காக நிற்கும் குணம் எல்லாவற்றையும் இளைஞர்களிடமிருந்து அது வெளியே கொண்டுவருகிறது, அதே அளவு கேட்கிற ஒரு வேலையை அமைதிக் காலமும் கொடுத்தாக வேண்டும் என்று ஜேம்ஸ் வாதிட்டிருந்தார். சமாதானத்தை விரும்பிய பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஹான் அதற்குப் பதில் வைத்திருந்தார்: உயிரைக் காப்பாற்றும் வேலை. கடலில், மலையில், தீயில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போகிறவனுக்குப் போர்வீரனுக்கு வேண்டிய அத்தனை குணமும் வேண்டும். கொல்லும் வெறி மட்டும் வேண்டாம்.

இனி அந்த மீட்புப் படகில் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் பாக்கி. 1950களின் நடுவில் அந்த யோசனையும் வந்தது. உடல்நலம் கெட்டு 1953இலேயே கார்டன்ஸ்டன் பொறுப்பை விட்டிருந்தார் ஹான். பாரிசில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியில் பேச அழைப்பு வந்தது. அங்கே தலைமை வகித்தவர் பிரிட்டிஷ் விமானப் படை அதிகாரி லாரன்ஸ் டார்வால். பத்து வருடங்களுக்கு முன்பு எதிரெதிர் அணியில் நின்று போரிட்ட நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒன்றாகப் படித்து, ஒன்றாகச் சிக்கலை அவிழ்த்து, நண்பர்களாகப் பழகுவதை ஹான் நேரில் பார்த்தார். மனம் கெட்டிப்பட்டுப்போன ராணுவ அதிகாரிகளையே சில மாதங்களில் மாற்ற முடிகிறது என்றால், பகைமை இன்னும் வேர்விடாத பதினாறு வயதில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால் என்ன ஆகும்? ஹானும் டார்வாலும் இந்தக் கேள்வியோடு பணம் திரட்டக் கிளம்பினார்கள்.

இடம் கொடுத்தவர் அந்தோனின் பெஸ். ஏடனில் வணிகம் செய்து ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆண்டனிஸ் கல்லூரிக்கு வாரிக் கொடுத்த அதே பெயருள்ள பிரெஞ்சு வணிகரின் மகன். வேல்ஸில் செயின்ட் டோனட்ஸ் என்ற இடைக்காலக் கோட்டையை வாங்கிக் கல்லூரிக்கு ஒப்படைத்தார். அந்தக் கோட்டை முன்பு அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் கையில் இருந்தது. 1898இல் ஸ்பெயினோடு போர் தொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மக்களை உசுப்பிவிட்டவை அவருடைய பத்திரிகைகள். அவர் விருந்து வைத்த கூடங்களில் சமாதானம் படிக்கப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

முதல்வராகப் பொறுப்பேற்றவர் ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர். பிரிட்டிஷ் கடற்படையில் பொறியாளராக இருந்தவர். ஹானின் எண்ணத்துக்குக் கையும் காலும் வைத்தவர் அவர்தான். கல்லூரிக்குக் கீழே இருப்பது பிரிஸ்டல் கால்வாய். உலகிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றம் உள்ள கடற்பகுதிகளில் ஒன்று. மாணவர்கள் அங்கே படகோட்டப் பழகும்போது உடன் போய்க் காவல் காக்க வேகமான படகுகள் தேவைப்பட்டன. காற்றடைத்த ரப்பர் படகுகள் இலேசானவை, எளிதில் கவிழாதவை. ஆனால் அந்தக் கரை முழுக்கக் கூழாங்கல்லும் பாறையும். ஒவ்வொரு தடவை இழுத்து ஏற்றும்போதும் படகின் அடித்துணி தேய்ந்து கிழிந்தது. ஹோரும் மாணவர்களும் அடியில் ஒட்டுப்பலகையை வைத்துப் பார்த்தார்கள். அலையில் அடிவாங்கிப் பலகை பிய்ந்தது. மறுபடி ஒட்டினார்கள், வடிவத்தை மாற்றினார்கள், மறுபடி கடலில் இறக்கினார்கள். இப்படிப் பல வருடம் கல்லூரிப் பட்டறையில் செய்து செய்து, அடியில் கெட்டியான ஓடும் சுற்றிலும் காற்றுக் குழாயுமாகப் புதுவகைப் படகு ஒன்று உருவாயிற்று. இன்று உலகம் முழுக்கக் கடலோரக் காவல்படைகளும் மீட்புப் படைகளும் ஓட்டுவது இந்த வகைப் படகைத்தான். அதன் காப்புரிமையை ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஹோர் கொடுத்துவிட்டார். 1972இல் அந்தச் சங்கம் கடலில் இறக்கிய படகுக்கு, கல்லூரியின் நினைவாகவே, ‘அட்லாண்டிக் 21’ என்று பெயர்.

ஹானின் கல்விமுறையை ஒரே பொருளில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் படகைத்தான் காட்டுவேன். இருட்டில், குளிரில், அலைக்கு நடுவே அதில் போகிற மூன்று பேரும் மூன்று நாட்டுக்காரர்களாக இருக்கலாம். ஒருவன் இயந்திரத்தைப் பிடித்திருப்பான், இன்னொருவன் கயிற்றை வீசுவான், மூன்றாமவன் நீரில் தத்தளிப்பவரை இழுத்து ஏற்றுவான். யார் அப்பா யார் அப்பாவோடு எந்தப் போரில் மோதினார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. கரைக்கு வந்த பிறகு அதைப் பற்றி நிதானமாக, கோபமாகக்கூடப் பேசலாம். ஆனால் அப்போது பேசுகிறவர்கள் ஏற்கனவே ஒருவர் கையை ஒருவர் நம்பிப் பழகியவர்கள். 1963 முதல் 2013 வரை அந்தக் கல்லூரி மாணவர்களே ஓர் உயிர்காப்புப் படகு நிலையத்தை நடத்தினார்கள். 1967இல் மாணவிகளும் சேர்க்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, அதே உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் கரையோரப் படகுக்குத் தலைமை தாங்கத் தகுதி பெற்ற முதல் பெண் ஆனாள்.

வகுப்பறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு நாட்டுப் பல்கலைக்கழகமும் தன் நாட்டுப் பரீட்சையைத்தான் ஏற்கும். பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தால் எந்தப் பரீட்சை எழுதுவது? இதற்கு விடை தேடிய கல்வியாளர்களின் முயற்சியால் 1968இல் ஜெனீவாவில் ‘இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்’ என்ற பொதுப் பாடத்திட்டம் அமைப்பாக உருவெடுத்தது. அதன் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், அட்லாண்டிக் கல்லூரியோடு தொடக்கத்திலேயே தொடர்பு கொண்டவர். 1971இல் தன் பழைய பரீட்சைகளைக் கைவிட்டு முழுக்க அந்தத் திட்டத்துக்கு மாறிய முதல் பள்ளி அட்லாண்டிக் கல்லூரிதான். இன்றும் அந்தப் பட்டயம் வாங்க, படிப்போடு சேவையிலும் ஈடுபட்டாக வேண்டும். ஹானின் கைரேகை அதில் பதிந்திருக்கிறது.

கல்லூரியின் பெயரிலேயே அதன் முதல் எல்லையும் தெரிகிறது. அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் இருந்த, பனிப்போரின் ஓர் அணியைச் சேர்ந்த நாடுகளை மனத்தில் வைத்துத்தான் திட்டம் தொடங்கியது. அந்த வட்டம் சமாதானத்துக்குப் போதாது என்று நடத்தியவர்களுக்கே சீக்கிரம் புரிந்தது. 1960களின் இறுதியில் மவுண்ட்பேட்டன் தலைமையில் ‘யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்’ என்ற உலக இயக்கமாக அது விரிந்தது. 1974இல் கனடாவில், அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் நினைவாக ஒரு கல்லூரி எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், சாலெமுக்குப் பக்கத்திலேயே, ஹான் காலமானார்.

அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. வெள்ளையரையும் கறுப்பரையும் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்கா சட்டம் போட்டிருந்த காலத்தில், பக்கத்து நாடான சுவாசிலாந்தில் 1963இல் அந்தச் சட்டத்தை எதிர்த்தே தொடங்கப்பட்ட வாட்டர்ஃபோர்ட் கம்லாபா பள்ளி, 1981இல் இயக்கத்தில் இணைந்தது. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் மகள்கள் படித்த பள்ளி அது. 1997இல் புனேக்கு அருகே மலைமேல் இந்தியாவின் கல்லூரி திறந்தது. 2006இல் போஸ்னியாவின் மோஸ்தார் நகரில், உள்நாட்டுப் போரில் சிதைந்துபோன பழைய பள்ளிக் கட்டடத்தில், பொஸ்னியாக், குரோவாட், செர்பியப் பிள்ளைகளை மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து இன்னொன்று தொடங்கியது. இன்று நான்கு கண்டங்களில் பதினெட்டுக் கல்லூரிகள்.

சில ஆயிரம் மாணவர்களை வைத்து உலகப் போரை நிறுத்திவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1962க்குப் பிறகும் போர்கள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் போருக்கு ஆள் தயார் செய்ய ஒவ்வொரு நாடும் எவ்வளவு செலவழிக்கிறது, எத்தனை வருடம் பயிற்சி கொடுக்கிறது என்று பாருங்கள். சமாதானத்துக்கு மட்டும் ஒரு நாள் விழா, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி போதும் என்று நினைக்கிறோம். பயிற்சி இல்லாத ஆசை முதல் வதந்தியிலேயே கரைந்துபோகும். தோற்ற நாட்டின் குடிமகனாகவும், கைதியாகவும், அகதியாகவும் வாழ்ந்து பார்த்த ஹானுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் சமாதானத்தைப் பாடமாக நடத்தாமல் பழக்கமாக்கப் பார்த்தார்.

இதைச் செய்யக் கோட்டை வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகாத இரண்டு பிரிவுகளின் பிள்ளைகளைச் சேர்த்து நீச்சலும் முதலுதவியும் கற்றுக் கொடுத்து, வெள்ளம் வந்தால் யாரைத் தூக்க வேண்டும், தீப்பிடித்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் கையில் உண்மையான பொறுப்பை ஒப்படைக்க எந்தப் பள்ளியாலும் முடியும். பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். அவர்களை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுக்கும் துணிவு பெரியவர்களுக்கு வர வேண்டும். ஹான் தம் வாழ்நாள் முழுக்கப் போராடியது அந்தத் துணிவுக்காகத்தான்.