ஜார்ஜ் டவுன் கடைத்தெருவின் மரமுகப்புகள்

தமிழில் ‘கடை’ என்னும் சொல் வணிகம் நிகழும் இடத்தையும் வாயிலையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் பரிசிலர் காத்து நிற்கும் ‘நெடுங்கடை’ வாயிலே ஆகும். மலாய் மொழியின் ‘கெடாய்’ இச்சொல்லிலிருந்து சென்ற கடன்சொல் என்பர் மொழியறிஞர். ஆயினும், அங்கு வணிக இடம் என்னும் பொருளே நிலைத்தது. இவ்விரு பொருளும் ஒன்றி நின்ற கட்டடவகையாகப் பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் காணப்படும் மரமுகப்புக் கடைவீட்டைக் கூறலாம். அதன் அமைப்பையும் அது காக்கப்படும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்கைக் கைக்கொண்டார். 1867இல் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்கு மாறும்வரை அது கல்கத்தாவின் மேலாட்சியில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அங்குச் ‘சூலியா’ எனப்பட்டனர். சூலியாத் தெருவும், காதிர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்தம் தொன்மைக்குச் சான்றாகும். மார்க்கெட் தெருவைத் தமிழர் ‘கடைத்தெரு’ என்றே வழங்கினர்.

அமைப்பு

கடைவீடு குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் உடையது. கீழே வணிகமும் மேலே குடியிருப்பும் அமையும். முன்புறத்தில் ஐந்தடி நடைபாதை உண்டு. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பு விதி இத்தகைய தொடர்நடையைக் கட்டாயமாக்கியது. பின்னர் இம்முறை நீரிணைக் குடியேற்ற நகரங்களில் பரவியது.

முகப்பின் மேலும் கீழும் காடி எடுத்த மரக்கட்டைகள் கிடக்கும். அவற்றிடையே நெடும்பலகைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படும். வரிசை மாறாதிருக்க அவற்றுக்கு எண்ணிடுவதும் உண்டு. காலையில் பலகைகளைக் கழற்றிய பின் கடையையும் தெருவையும் பிரிக்கும் சுவர் இல்லை, வாயிலே கடையாகிவிடுகிறது. மழைநீர் தெறிக்கும் அடிப்பகுதியே முதலில் உளுக்கும். உளுத்த பகுதியை மட்டும் அறுத்து, அதே இன மரத்தை ஒட்டுப்போட்டு இணைப்பது மரபறிந்த தச்சரின் முறையாகும். முழுப்பலகையையும் மாற்றினால் பழைய மரமும் அதன் தேய்மானத் தடங்களும் அழிந்துவிடும்.

வாடகைச் சட்டமும் மரமும்

1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகை உயராமையால் உரிமையாளர் பழுதுபார்க்கவில்லை. அதே காரணத்தால் இடித்துக் கட்டவும் முனையவில்லை. பழைய முகப்புகள் பல எஞ்சியமைக்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணம் எனலாம். 2000 சனவரி 1 முதல் அக்கட்டுப்பாடு நீங்கியது. வாடகை உயரவே நெடுநாள் குடியிருந்தோரும் சிறுவணிகரும் பலர் வெளியேறினர்.

2008 சூலை 7 அன்று ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. பல்லினப் பண்பாட்டின் வாழும் சான்று என்பது அதற்குக் கூறப்பட்ட தகுதிகளுள் ஒன்று. 2016இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியாயிற்று. இவற்றால் மரமுகப்புகள் மதிப்புப் பெற்றன. ஆனால் செப்பனிடப்பட்ட பலகைகளுக்குப் பின்னால் விடுதியோ காப்பிக்கடையோ அமைவது பெருகிற்று. அத்தகைய இடங்களில் பலகை கழற்றப்படுவதில்லை. அது அலங்காரமாக நிலைத்து நிற்கிறது. மார்க்கெட் தெருவை உள்ளடக்கிய ‘லிட்டில் இந்தியா’ப் பகுதியிலோ துணி, மசாலை, பூமாலை விற்பனை இன்றும் நடைபாதைவரை நீள்கிறது.

முடிவுரை

மரத்தைக் காக்கும் விதிகள் தொழிலையும் காத்துவிடும் எனக் கொள்ள இயலாது. வாழும் சான்று என்னும் தகுதி நிலைக்க, சிறுவணிகர் தாங்கக்கூடிய வாடகையும் குத்தகை உறுதியும் பாதுகாப்புத் திட்டத்தின் கூறுகளாக வேண்டும். கடைத்தெருவில் வழங்கும் கடைப்பெயர், சரக்குப்பெயர், தச்சுச்சொல் ஆகியவற்றைத் தொகுப்பது தமிழாய்வாளர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். வணிகர் வெளியேறும்போது முதலில் மறைவன அச்சொற்களே.