காத்திருக்கும் எதிரி

சென்ற மாதம் ஒரு நாள் என் பேரன் தன் கைப்பேசியில் பெரிய யுத்தம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். கோட்டை, அகழி, குதிரைப் படை, வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தன. எதிரிகள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டாள். பையன் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான்.

"அடே, கோட்டை என்ன ஆவது?" என்று பதறினேன்.

"ஒன்றும் ஆகாது, தாத்தா. இப்போது என் முறை. நான் நகர்த்துகிற வரையில் எதிரி காத்திருப்பான்" என்றான்.

அவன் சாவதானமாக மோர்ச் சோறு சாப்பிட்டு முடிக்கிறவரையில், அந்த எதிரிப் படை ஓர் அடி முன்னே வைக்கவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த எதிரியை உலகத்துக்கு முதன்முதலில் அளித்தது யார் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனை என்னைச் சதுரங்கப் பலகையிலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

சதுரங்கம் என்றால் நால்வகைப் படை. தேர், யானை, குதிரை, காலாள். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷருடைய சரித்திரத்தை எழுதிய பாணபட்டர், அவர் ஆட்சியில் நால்வகைப் படையின் அணிவகுப்பைக் கற்பிப்பது எட்டுக்கெட்டுப் பலகை மட்டுமே என்று பொருள்படப் புகழ்கிறார். இந்த ஆட்டத்தைப் பற்றிய பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று என்பது அறிஞர் பலருடைய கருத்து. அரசவைக் கவி அரசனைப் புகழ்வது வழக்கந்தான். ஆனால் ஹர்ஷர் பலகையோடு நின்றுவிடவில்லை. நர்மதைப் பக்கம் படையெடுத்து வந்து இரண்டாம் புலிகேசியிடம் தோற்றுத் திரும்பியதை 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு பறைசாற்றுகிறது.

நம் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் சத்ரங் ஆயிற்று. அராபியர் வாயில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. அந்த ஆட்டத்தில் ராஜாவின் பக்கத்தில் ராணி கிடையாது; மந்திரிதான். அவரும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கட்டம், அதுவும் மூலைவாட்டில்தான் போகலாம். யானை மூலைவாட்டில் ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்ததில் குதிக்கும். ஆக, போர் மெதுவாகத்தான் நடக்கும். யோசிக்க நிறைய அவகாசம் உண்டு. கூபா நகரத்து அறிஞர் ஸயீத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிராளி நகர்த்தியதைக் கேட்டுக் கேட்டே ஆடுவாராம். கையடக்கக் கருவி என்று நாம் பெருமைப்படுகிறோம். அவருக்குக் கையும் வேண்டியிருக்கவில்லை!

பாக்தாதில் இந்த ஆட்டம் உச்ச நிலை அடைந்தது. பத்தாம் நூற்றாண்டில் அஸ்-ஸூலி என்ற மேதை அமைத்த புதிர் ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி. மொத்தம் நாலே காய்கள். அதை விடுவித்தவர் 1980-களில் அவெர்பாக் என்ற ரஷ்ய ஆட்டக்காரர். ஒரு நகர்த்தலுக்காகப் பலகை ஆயிரம் வருஷம் பொறுமையாகக் காத்திருந்தது!

இதே பாக்தாதில்தான் என் மனத்தைக் கலக்கிய சம்பவமும் நடந்தது. ஹாரூன் அல்-ரஷீத் 809-இல் இறந்ததும் மகன் அல்-அமீன் கலீபா ஆனார். சகோதரர் அல்-மஃமூனோடு பகை மூண்டது. 812-இல் மஃமூனுடைய தளபதி தாஹிர் பாக்தாதை முற்றுகையிட்டான். ஓராண்டுக்கு மேல் கல்லெறியும் பொறிகள் வீடுகளை நொறுக்கின. நகரம் விழப்போகிறது என்று சேதி கொண்டுவந்தவன், கலீபா தம் பணியாளன் கௌதரோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டானாம். ஆட்டத்தில் தாம் வெல்லப்போவதாகவும், சற்றுப் பொறுக்கும்படியும் கலீபா சொன்னாராம். கதை கொஞ்சம் கை கால் முளைத்து வளர்ந்திருக்கலாம். முடிவு மட்டும் சரித்திரம். 813-ஆம் ஆண்டு ஓர் இரவில் அமீன் டைகிரிஸ் நதியில் படகேறித் தப்பப் பார்த்தார், படகு கவிழ்ந்தது, நீந்திக் கரையேறியவரைப் பிடித்து வெட்டினார்கள்.

வென்ற மஃமூனுக்கும் சதுரங்கப் பித்து உண்டு. சிந்து நதியிலிருந்து மேற்கே வெகுதூரம் ஆளுகிற தம்மால், இரண்டு முழச் சதுரத்திலுள்ள முப்பத்திரண்டு காய்களை ஆளமுடியவில்லையே என்று அவர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பலகை ஒன்றுதான். ஒருவர் அதைப் போர்க்களத்திலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாக எண்ணினார். மற்றவர் தம் அளவைத் தாமே கண்டுகொள்ளும் கண்ணாடியாக எண்ணினார்.

பிறகு ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. யானையை அறியாத நாடுகளில் யானைக் காய் பாதிரியார் ஆயிற்று. மந்திரி இருந்த இடத்தில் ராணி அமர்ந்தாள். 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த காய்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். பெரும்பாலானவை வால்ரஸ் பிராணியின் தந்தத்தில் செதுக்கியவை. அவற்றில் ராணிகள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் இராது? கோட்டையைக் காக்கும் பொறுப்பு உண்டு. நகரக்கூடியதோ ஒரே கட்டம்!

அவளுக்கு விமோசனம் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் கிடைத்தது. எந்தத் திசையிலும் எத்தனை கட்டமும் போகலாம் என்றார்கள். 1497-இல் லுஸேனா எழுதிய நூல் பழைய ஆட்டத்தையும் புதியதையும் பிரித்துக் காட்டுகிறது. அப்போது அங்கே இஸபெல்லா அரசி ஆண்டுகொண்டிருந்ததற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள்.

நாடு மாறிற்று, காய்கள் மாறின, ஓட்டம் மாறிற்று. மாறாதது ஒன்றே ஒன்று: எதிரிக்கும் அவன் முறை உண்டு. கலீபாவோடு ஆடினாலும் பணியாளனுக்கு ஒரு நகர்த்தல் உண்டு. அவன் யோசித்து முடிக்கும்வரை கலீபா காத்திருக்கத்தான் வேண்டும். அரண்மனையில் வேறு எங்கும் இந்த நியாயம் செல்லுபடி ஆகியிராது. அமீன் செய்த பிழை, மதிலுக்கு வெளியே நின்ற தாஹிரும் அதே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று எண்ணியதுதான்.

பேரன் கை கழுவிக்கொண்டு வந்தான்; ஒரு குதிரை வீரனை நகர்த்தினான். எதிரி தன் முறைக்கு வாசலை இடித்தான். மூன்றாவது முறையில் கோட்டை விழுந்தது. பையன் சிரித்துக்கொண்டே புது ஆட்டம் தொடங்கினான்.

"ஏண்டா, நிஜச் சண்டையிலும் சாப்பிட்டு வரும்வரை காத்திருப்பார்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படி, தாத்தா? அது விளையாட்டு இல்லையே!" என்றான்.

பாக்தாத் கலீபாவுக்கு இந்தப் பத்து வயதுப் பிள்ளையை மந்திரியாக வைத்திருக்கலாம் என்று தோன்றியது.