கீழ்ப் பந்து மூட்டு (டொயோட்டா டகோமா)

டொயோட்டா டகோமாவின் கீழ்ப் பந்து மூட்டு என்பது அந்தப் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் இரும்புத் துண்டையும், சேசிஸிலிருந்து நீளும் கீழ்க்கையையும் இணைக்கும் பாகம் ஆகும். 1995 முதல் 2004 வரை வட அமெரிக்காவில் விற்பனையான முதல் தலைமுறை டகோமாவில் இம்மூட்டு பிரிந்தால் முன்சக்கரம் மடங்கி, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழக்கும். இக்கட்டுரை நான்கு சக்கர இயக்க டகோமாவையும், அதே முன்பக்க அமைப்பைக் கொண்ட ப்ரீரன்னர் வகையையும் பற்றியது. இவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன; அவற்றுள் மிக இளையதற்கே இருபது வயது கடந்துவிட்டது.

அமைப்பு

பந்து மூட்டு மனிதனின் இடுப்பு மூட்டை ஒத்தது. ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் மரையும் கொண்ட எஃகுத் தண்டு, கிண்ணம் போன்ற கூட்டுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். உருண்டை கிண்ணத்துக்குள் சுழலவும் சாயவும் இயலும். ஆனால் கிண்ணத்தின் வாய் உருண்டையைவிடக் குறுகலாக இருப்பதால் அது வெளியே வர இயலாது. சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவதற்கும், இடமும் வலமும் திரும்புவதற்கும் இந்த ஒரே மூட்டு இடம் கொடுக்கின்றது. உள்ளே கிரீஸ் இடப்பட்டு, தூசியும் நீரும் புகாதவாறு வாயில் ரப்பர் உறை மாட்டப்பட்டிருக்கும். பட்டறைகளில் இது பால் ஜாயின்ட் என்றே வழங்குகின்றது.

டகோமாவில் மூட்டின் கூடு, நக்கிளின் அடிப்பக்கத்தில் நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். தண்டு கீழ்நோக்கி இறங்கிக் கீழ்க்கையிலுள்ள கூம்பு வடிவத் துளைக்குள் சென்று, அடியில் ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடு இணையும் கரமும் இக்கூட்டுடன் ஒரே துண்டாக வார்க்கப்பட்டுள்ளது. எனவே இடப்பக்க மூட்டு வேறு, வலப்பக்க மூட்டு வேறு. வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

சுமையின் திசை

இம்மூட்டைப் புரிந்துகொள்ள அதன் மீது விழும் விசையின் திசையை அறிவது அவசியம். வண்டியின் முன்பக்க எடை சேசிஸிலிருந்து சுருள்வில்லின் வழியாகக் கீழ்க்கையை அடைகின்றது. ஆகவே கீழ்க்கை எப்போதும் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. சாலையோ சக்கரத்தையும் அதன் மூலம் நக்கிளையும் மேல்நோக்கித் தள்ளுகின்றது. கூடு நக்கிளோடு மேலே போக, தண்டு கீழ்க்கையோடு கீழே இழுபடுகின்றது. அதாவது, வண்டி வெறுமனே நின்றுகொண்டிருக்கும்போதும் அதன் எடை உருண்டையைக் கிண்ணத்திலிருந்து உருவி எடுக்கவே முயல்கின்றது. அதைத் தடுத்து நிற்பது கிண்ணத்தின் குறுகிய வாய்விளிம்பு மட்டுமே.

வேறு சில வண்டிகளில் எடை உருண்டையைக் கிண்ணத்தின் அடித்தளத்தை நோக்கி அழுத்துமாறு மூட்டு அமைந்திருக்கும். அங்கு மூட்டு தேய்ந்தாலும் சுமை அதை மேலும் உள்ளேதான் தள்ளும். தட்தட்டென்று சத்தம் எழுந்து ஓட்டுநரை எச்சரிக்கப் போதிய காலம் கிடைக்கும். டகோமாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. எடை உருண்டையை எந்நேரமும் விளிம்போடு இறுக்கிப் பிடித்திருப்பதால், உள்ளே இடைவெளி உண்டாகியிருந்தாலும் அது ஆடுவதில்லை, சத்தமும் எழுவதில்லை. தேய்மானம் முழுவதும் கடைசிப் பிடிமானமாகிய விளிம்பின் மீதே விழுகின்றது. சத்தம் இல்லை என்பதைக் கொண்டு இம்மூட்டு நலமாக உள்ளது என முடிவு செய்வது தவறு.

தேய்வதும் பிரிவதும்

பெரும்பாலான மூட்டுகளின் அழிவு ரப்பர் உறையில் தொடங்குகின்றது. உறை கிழிந்தவுடன் நீரும் மணலும் உள்ளே புக, கிரீஸ் வெளியேறுகின்றது. பளபளப்பாக இருந்த உருண்டை துருப்பிடித்துச் சொரசொரப்பாகி, சுழலும்போதெல்லாம் கிண்ணத்தை அராவுகின்றது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவப்படும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் இது விரைவாக நிகழும். நிறுவனம் பொருத்தும் மூட்டில் கிரீஸ் ஏற்றுவதற்கான நிப்பிள் கிடையாது. ஆகவே ஒருமுறை போன கிரீஸ் போனதுதான்.

சில வேளைகளில் முன்னறிகுறிகள் தோன்றும். வேகத்தடையிலிருந்து இறங்கும்போது ஒரு முட்டல் ஒலி, நேர்ச்சாலையில் வண்டி அங்குமிங்கும் அலைதல், டயர் ஒரு பக்கமாகத் தேய்தல், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது கிறீச்சிடுதல் ஆகியவை அவற்றுட் சில. இவை எதுவுமே இல்லாமலும் மூட்டு பிரியலாம்.

உருண்டை விளிம்பைத் தாண்டி வெளிவந்தால் நக்கிளின் கீழ்ப்பகுதி பிடிப்பை இழக்கின்றது. சக்கரம் மேல் மூட்டில் மட்டும் தொங்கியவாறு சாய்ந்து மட்கார்டில் சிக்கிக்கொள்ள, வண்டியின் அந்த மூலை கீழே சரிகின்றது. பிரேக் குழாய் அறுபடலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டும் இழுபட்டுச் சேதமாகலாம். வாகன நிறுத்தத்தில் மெதுவாகத் திருப்பும்போது இது நேர்ந்தால் பழுதுச் செலவோடு போகும். நெடுஞ்சாலையில் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நிறுவனத்தின் திரும்பப் பெறல்கள்

2005 ஆம் ஆண்டு மே மாதம் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இம்மூட்டின் பொருட்டுத் திரும்ப அழைத்தது. 2001 முதல் 2004 வரையான டகோமாக்களும், அந்நிறுவனத்தின் ஃபோர் ரன்னர், டண்ட்ரா, செக்கோயா வகைகளில் சில ஆண்டுகளுக்குரியவையும் இதில் அடங்கின. உருண்டையின் மேற்பரப்பு தயாரிப்பின்போதே கீறப்பட்டிருக்கலாம் என்பதே கூறப்பட்ட காரணம். 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் மேலும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டண்ட்ரா, செக்கோயா வண்டிகள் அழைக்கப்பட்டன.

இங்கு இரண்டு செய்திகள் நினைவிற் கொள்ளத்தக்கன. 1995 முதல் 2000 வரையான டகோமாக்கள் 2005 ஆம் ஆண்டின் அழைப்பில் இடம்பெறவில்லை. ஆனால் அவற்றிலும் சுமையின் திசை இதுவே. மேலும், 2005 இல் புதிதாக மாட்டப்பட்ட மூட்டுக்கும் இப்போது வயதாகிவிட்டது. பழைய வண்டி வாங்குவோர், அது அப்போதே சரிசெய்யப்பட்டது என்னும் விற்பவரின் சொல்லோடு நின்றுவிடுதல் கூடாது.

சோதித்தல்

வண்டி தன் கால்களில் நிற்கும்போது மூட்டைச் சோதித்துப் பயனில்லை. மேலே கூறியவாறு எடையே இடைவெளியை மறைத்துவிடும். ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியில், மூட்டுக்கு இயன்றவரை அருகில் வைத்து, டயர் தரையிலிருந்து சற்று எழும்பும் வரை உயர்த்த வேண்டும். அப்போது சுருள்வில்லின் விசையை ஜாக்கி ஏற்றுக்கொள்வதால் மூட்டு சுமையிலிருந்து விடுபடுகின்றது. பின்னர் ஒரு நீண்ட கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்ப, இன்னொருவர் மூட்டைக் கவனிக்க வேண்டும். கூட்டுக்கும் கீழ்க்கைக்கும் இடையே மேல்கீழாகக் கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் மூட்டை மாற்றிவிடுவதே நல்லது. துல்லியமாக அளக்க டயல் கேஜ் பயன்படும்.

டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் தெரியும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் மூட்டில் உள்ளது எனக் கொள்ளலாம். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அசைவு இல்லாவிடினும் அம்மூட்டை நம்ப வேண்டியதில்லை.

மாற்றுதல்

டகோமாவின் மூட்டு போல்ட்டுகளால் பொருத்தப்படுவது என்பதால் அதை மாற்ற அழுத்து கருவி எதுவும் தேவையில்லை. சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து, சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையை ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது எக்காலத்திலும் கூடாது. முதலில் டை ராடு முனையின் பின்னையும் நட்டையும் அகற்றி அதனை விடுவிக்க வேண்டும். அடுத்து மூட்டுத் தண்டின் நட்டைத் தளர்த்தி, முழுவதும் எடுக்காமல் சில மரைகளில் விட்டுவைக்க வேண்டும். கூம்பு விடுபடும்போது கை திடீரென்று கீழே பாயாமல் இது காக்கும்.

வேலையின் கடினமான கட்டம் இந்தக் கூம்பை விடுவிப்பதே. பல ஆண்டுத் துரு அதைக் கீழ்க்கையோடு ஒன்றாக்கியிருக்கும். முள்கரண்டி போன்ற கவையை இடையில் அடித்து இறக்குவது எளிது. ஆனால் அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும். எறியப்போகும் பழைய மூட்டுக்கு இதனால் இழப்பில்லை, மீண்டும் மாட்டவேண்டிய டை ராடு முனைக்கோ அது கேடு. புல்லர் கொண்டு இழுத்துவைத்து, கையில் துளையைச் சூழ்ந்த பருத்த பகுதியின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டுவது பெரும்பாலும் பலனளிக்கும். தண்டு விடுபட்டபின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினால் மூட்டு கைக்கு வந்துவிடும்.

புதிய மூட்டை மாட்டும்முன் துளையின் துருவைத் துடைத்துவிட வேண்டும். கூம்புப் பரப்பில் கிரீஸ் தடவக் கூடாது. நக்கிளில் ஏறும் நான்கு போல்ட்டுகளும் 80 நியூட்டன் மீட்டர், தண்டின் நட் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கப்படும். அந்நான்கு போல்ட்டுகளும் மூட்டின் முழுச் சுமையையும் சுமப்பவை. பழையவற்றைத் தூக்கியெறிந்து புதியவற்றைப் போடுவது சாலச் சிறந்தது. நட்டின் பள்ளம் தண்டின் துளையோடு பொருந்தாவிட்டால் நட்டை மேலும் சிறிது இறுக்கிப் பொருத்த வேண்டுமேயன்றித் தளர்த்தக் கூடாது. பின்னும் புதியதாகவே இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்வது வழக்கம்.

ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதான் என்பதால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவர். சந்தையில் மிக மலிவான மூட்டுகளும் கிடைக்கின்றன. விளிம்பு ஒன்றையே நம்பியிருக்கும் இப்பாகத்தில் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. மூட்டை மாற்றுமுன் சேசிஸையும் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 1995 முதல் 2000 வரையான டகோமாக்களின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டையாவதன் காரணமாக 2008 இல் டொயோட்டா பல வண்டிகளை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கியது.

பிற பிக்கப் வண்டிகளில்

எல்லாப் பழைய பிக்கப்புகளிலும் வேலை இவ்வளவு எளிதன்று. 1988 முதல் வெளிவந்த செவ்ரோலெட் சி/கே வண்டிகளின் மேல் மூட்டுகள் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் துளையிட்டு நீக்கிவிட்டு, மாற்று மூட்டை போல்ட்டுகளால் பொருத்துவர். ஒற்றை இரும்பு அச்சைக் கொண்ட ஃபோர்டின் கனரகப் பிக்கப்புகளில் மூட்டு துளைக்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருப்பதால், சி வடிவ அழுத்து கருவியால் பிதுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.