சிதைந்த மாதிரி விமானமும் அடுத்த பெட்டியும்

1936-இல் பிரிட்டனில் 'ஃபிராக் பெங்குயின்' என்ற பெயரில் வெளிவந்த, உண்மை விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய 1:72 அளவுத் தொகுப்புகள், செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் தொடக்ககாலப் பிளாஸ்டிக்கால் ஆனவையாதலால், எத்துணைக் கவனமாக ஒட்டப்பட்டாலும் நாளடைவில் இறக்கை முறுகிச் சிதையும் இயல்புடையவை. செய்தவரின் குற்றமின்றியே நேரும் இவ்விழப்பு உண்மையிலேயே வருந்தத்தக்கது. போருக்குப் பின் பரவிய பாலிஸ்டைரீன் அவ்வாறு முறுகுவதில்லை எனினும், அதற்குரிய பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால், சிந்திய ஒரு துளியும் விமானி அறையின் ஒளிபுகும் மூடியை மங்கச் செய்துவிடும். 1950-களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் விமானத் தொகுப்பு வூல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கே கிடைத்த பின்னர், கெட்டுப்போன மாதிரியின் சக்கரங்களையும் முகப்பு விசிறியையும் உதிரிப் பெட்டியில் சேர்த்துவிட்டு, வேறொரு விமானத்தைத் தெரிவுசெய்து புதிதாகத் தொடங்குவது சிறுவர்க்கும் இயல்வதாயிற்று.